முகவரியும் மூலகாரணமும்: கொழும்பில் குருதிப் புற்றுநோய்களின் பரம்பலை வாசித்தல்

இலங்கையின் தேசிய புற்றுநோய்ப் பதிவேடு 1985இல் தொடங்கியது. நெடுங்காலம் அது வைத்தியசாலைகளுக்கு வந்தவர்களை மட்டுமே எண்ணியது. கொழும்பு மாவட்டத்துக்கென 2012ஆம் ஆண்டுத் தரவுடன் குடித்தொகை சார்ந்த பதிவேடு உருவான பிறகுதான், இங்கு வாழும் இலட்சம் பேரில் எத்தனை பேருக்கு இந்நோய் என்று கேட்க வழி பிறந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 23 இலட்சத்துக்கு மேல். குருதிப் புற்றுநோய்களைப் பொறுத்தவரை, இந்த எண்களில் காரணம் தேடுவதற்கு முன் நோயாளர் கொடுக்கும் முகவரியையும் நகரத்தின் சோதனைப் பழக்கத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு புறப்படும் பஸ்கள் விடியற்காலையில் வெள்ளவத்தையில் ஆட்களை இறக்குகின்றன. மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் அவர்களுள் இருப்பார்கள். யாழ்ப்பாணத்திலேயே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இயங்கினாலும் இந்தப் பயணம் நின்றுவிடவில்லை. பிள்ளைகளுக்கு வரும் தீவிர நிணக்கல லியூகேமியாவின் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். அத்தனை காலமும் லொட்ஜில் இருக்க யாருக்குக் கட்டும்? வெள்ளவத்தையில் மாமா வீட்டிலோ கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையிலோ குடும்பம் தங்கிவிடுகிறது. படிவத்தை நிரப்பும்போது, அவசரத்துக்குத் தேடிவரக்கூடிய முகவரியைத்தான் தாய் சொல்வாள். வழமையான வதிவிடத்தின்படியே எண்ண வேண்டும் என்பது உலகெங்கும் பதிவேடுகளுக்குப் பொதுவான விதி. ஆனால் சொன்னதை எழுதிக்கொண்டவருக்கு தங்கும் முகவரிக்கும் வதிவிடத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிய வழியில்லை.

மார்பகப் புற்றுநோய் போன்ற பரவலான நோயில் இத்தகைய ஐந்தாறு பிழைகள் கரைந்துபோகும். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் வரும் லியூகேமியாவில் அதே ஐந்தாறு பேர் ஒரு நோய்க்கொத்தையே உண்டாக்கிவிடுவர். தண்ணீரிலும் தொலைபேசிக் கோபுரத்திலும் பழிபோட விரைபவர்கள் இதை முதலில் எண்ண வேண்டும். எதிர்ப்புறமாகவும் பிழை நேர்கிறது. வசதியுள்ள குடும்பங்கள் சென்னைக்கோ வேலூருக்கோ சென்று அங்கேயே நோயை உறுதிசெய்து சிகிச்சையும் பெற்றால் இங்குள்ள எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடுகின்றன.

அடுத்தது சோதனை. 2017இல் நாட்டில் 186,000இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிக்கையிடப்பட்டனர். கொழும்பு மாவட்டமே முன்னணியில் இருந்தது. காய்ச்சல் கண்ட இரண்டாம், மூன்றாம் நாளே எஃப்.பி.சி. எனும் முழுக் குருதிக் கல எண்ணிக்கைச் சோதனையை எடுத்துப் பார்ப்பது அன்றிலிருந்து இந்நகரவாசிகளுக்கு வழக்கமாகிவிட்டது. எல்லோருடைய கண்ணும் பிளேட்லெட் எண்ணிக்கையில்தான் இருக்கும். ஆனால் அதே தாளில் சில வரிகளுக்கு மேலே வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையும் அச்சாகியிருக்கிறது. எந்த வலியும் இல்லாத நாட்பட்ட மச்சைக்கல லியூகேமியா இப்படித் தற்செயலாக வெளிப்படுவது குருதியியல் வைத்தியர்களுக்குப் புதிதல்ல. ஆகவே முல்லைத்தீவைவிடக் கொழும்பில் வீதம் கூடியிருந்தால், முதலில் கேட்க வேண்டியது எங்கே அதிகமாகச் சோதிக்கிறார்கள் என்பதைத்தான்.

இந்தச் சோதனைப் பெருக்கம் ஒரு நன்மையும் செய்கிறது. நாட்பட்ட நிணக்கல லியூகேமியா மேற்கு நாடுகளில் வளர்ந்தோருக்கு மிக அதிகமாக வரும் லியூகேமியா வகை. ஆசியாவில் அது அரிது. ஆரம்பத்தில் அறிகுறி எதுவும் காட்டாத நோய் அது. ஆசியர்களைப் போதிய அளவு சோதிப்பதில்லை, அதனால்தான் தெரியவில்லை என்று வாதிடலாம். அப்படியானால் அது முதலில் பெருக வேண்டிய இடங்களுள் கொழும்பும் ஒன்று; அந்த வாதத்தை இங்கேயே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு எதிரான சான்று வேறிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய ஆசிய வம்சாவளியினர், அந்நாட்டுச் சோதனை வசதிகள் எல்லாம் இருந்தும், வெள்ளையரைவிட மிகக் குறைவாகவே இந்நோய்க்கு ஆளாகின்றனர். இடம் மாறியும் பெரிதாக மாறாத இந்தக் குறைவுக்குப் பரம்பரையே முதன்மைக் காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

மற்றவற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது. டெனிஸ் பேர்கிட் 1958இல் உகண்டாவிலிருந்து விவரித்த லிம்போமா, மலேரியாவும் எப்ஸ்டைன்-பார் வைரசும் சேர்ந்த இடத்தில் பெருகியது. தென்மேற்கு ஜப்பானில் காணப்படும் டீ-கல லியூகேமியாவின் பின்னால் எச்.டி.எல்.வி.-1 வைரஸ் இருக்கிறது. பிள்ளைகளின் நிணக்கல லியூகேமியாவுக்கு வசதிபெற்ற சமூகங்களில் 2 முதல் 5 வயது வரை ஓர் உச்சம் தெரிகிறது. முதல் நிறமூர்த்த மாற்றம் பல பிள்ளைகளுக்குக் கருவிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதை ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் குருதி காட்டியது. ஆனால் அந்த மாற்றத்துடன் பிறப்பவர்களுள் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. குழந்தைப்பருவத்தில் தொற்றுகளைச் சந்திக்காமல், பிந்திச் சந்திக்கும்போது இரண்டாவது மாற்றம் நேர்கிறது என்பது ஆய்வாளர் மெல் கிரீவ்சின் விளக்கம். ஒரே ஊரின் பிள்ளைகள் வெள்ளவத்தை அடுக்குமாடியிலும் வன்னியிலும் டொரன்டோவிலும் வளர்கிற நம் சமூகத்தைப் போல இதைச் சோதிக்கத்தக்க களம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

சூழல் காரணங்களுள் கதிர்வீச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணலின் இயற்கைக் கதிர்வீச்சில் வாழும் மக்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வு, 2009இல் வெளியானபோது, புற்றுநோய் மிகுதி எதையும் காட்டவில்லை.

பென்சீன் வேறு கதை. இஸ்தான்புல் சப்பாத்துத் தொழிலாளரிடம் முசாஃபர் அக்சோய் 1970களில் கண்டறிந்த தீவிர லியூகேமியாவுக்கு அவர்கள் பயன்படுத்திய பசையின் கரைப்பானே காரணம். பெற்றோலிலும் பென்சீன் சிறிதளவு இருக்கிறது. பஞ்சிகாவத்தை கராஜ்களில் கிறீஸ் படிந்த கையைப் பெற்றோலில் கழுவும் பையனுக்கு இதை யார் சொல்வார்கள்? நாற்பது வயதில் அவனுக்கு நோய் வந்தால் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதப்படுமானால், அந்தக் காரணம் அங்கேயே அழிந்துவிடும்.

எனவே குருதியியல் வைத்தியர்களிடமும் பதிவேட்டு அலுவலர்களிடமும் என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு நோயாளரிடமும் பிறந்த ஊர், கொழும்பில் வாழ்ந்த ஆண்டுகள், அதிக காலம் செய்த தொழில் ஆகிய மூன்றையும் கேட்டு, நோயின் துல்லியமான வகையுடன் சேர்த்து எழுதிவையுங்கள்.