ஒரு ஃபிளாஷ், எல்லாம் மறந்துபோச்சு: ஏலியன்களுக்கான ரகசியத் துறைகளின் கதை

இன்றைக்கு ஒரு சினிமாக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

'மென் இன் பிளாக்' முதல் பாகம், 1997-ல் வந்தது. வானத்திலிருந்து விழுந்த ஒரு பிரம்மாண்டமான பூச்சி, ஒரு விவசாயியைக் கொன்று, அவர் தோலையே சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. அவருடைய மனைவி பியட்ரிஸ் என்ன நடந்தது என்றே புரியாமல் நிற்கிறார். கறுப்பு கோட் போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறார்கள். அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியை நீட்டுகிறார்கள். ஒரு ஃபிளாஷ். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. அந்த இடத்தில் ஒரு புதுக் கதையைச் சொல்லிவைக்கிறார்கள்: நீதான் உன் புருஷனை வீட்டை விட்டுத் துரத்தினாய், இனி நல்ல துணி வாங்கிக்கொள், வீட்டை அழகுபடுத்து, சந்தோஷமாக இரு.

சின்ன வயசுல டிவியில பார்த்தப்போ விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தப் பேனா எனக்கும் வேணும்னு ஆசைப்பட்டேன். கணக்கு டெஸ்ட் மார்க்கை அப்பா மறக்கணும்ல! சமீபத்தில் மறுபடி பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பெண்ணுக்குத் தன் கணவர் இறந்துபோனதே தெரியாது. அழக்கூட அவருக்கு வழியில்லை. இதைச் செய்தது வில்லன் இல்லை, ஹீரோக்கள்.

இந்த எபிசோட் அந்த ஃபிளாஷைப் பற்றித்தான். ஏலியன்களைக் கையாள ஒரு ரகசியத் துறை இருக்கிறது என்ற கற்பனை எங்கிருந்து வந்தது? நிஜத்தில் அப்படி ஏதாவது இருந்ததா?

இருந்தது. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்லை.

1947-க்குப் போவோம். ஜூன் 24, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். கென்னத் ஆர்னால்ட் என்பவர் தன் சின்ன விமானத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் பறந்துகொண்டிருந்தபோது, ஒன்பது பொருள்கள் படுவேகமாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் அதற்கு 'பறக்கும் தட்டு' என்று பேர் வைத்துவிட்டன. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூலை 8-ம் தேதி, நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் விமானப்படைத் தளம், தாங்கள் ஒரு பறக்கும் தட்டைக் கைப்பற்றிவிட்டதாகச் செய்திக்குறிப்பே வெளியிட்டது. உடனேயே 'அது வெறும் வானிலை பலூன்' என்று மாற்றிச் சொன்னார்கள்.

அது பொய். 1994-ல் அமெரிக்க விமானப்படையே ஓர் அறிக்கையில் உண்மையைச் சொன்னது. அது 'மோகுல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன். சோவியத் யூனியன் அணுகுண்டு சோதனை செய்தால், அந்த ஓசை அலையை வானத்தின் உயரத்தில் கேட்டுக் கண்டுபிடிப்பதற்காகப் பறக்கவிட்ட பலூன் வரிசை. ஆக, மறைக்க ஒரு ரகசியம் இருந்தது நிஜம். ஏலியன்தான் இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்தக் கதை முழுக்க இதே அமைப்புதான் திரும்பத் திரும்ப வரும்.

மக்கள் தொடர்ந்து புகார் அனுப்ப, விமானப்படை ஒரு விசாரணைப் பிரிவைத் தொடங்கியது. 1948-ல் 'புராஜெக்ட் சைன்', அடுத்த வருடம் 'க்ரட்ஜ்', 1952-லிருந்து 'ப்ளூ புக்'. இடம், ஒஹாயோ மாநிலத்தில் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம். சினிமாவில் வருவது போல லிஃப்ட் கீழே கீழே போக, கண்ணாடிக் கதவு திறக்க, நூறு பேர் வேலை பார்க்கும் தலைமையகம் எல்லாம் கிடையாது. பெரும்பாலான வருடங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ஓர் அதிகாரி, ஒன்றிரண்டு உதவியாளர்கள், டைப் அடிக்க ஒருவர், நிறைய கோப்புகள். அறிவியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் என்ற வானியல் பேராசிரியர். அவர் வேலையில் பாதி, 'நீங்க பார்த்தது வீனஸ் கிரகம் சார்' என்று கண்டுபிடிப்பதுதான்.

1952 ஜூலையில் நிலைமை மாறியது. அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகள், தலைநகர் வாஷிங்டனின் வானத்தில் ரேடார் திரைகள் அடையாளம் தெரியாத புள்ளிகளைக் காட்டின. போர் விமானங்களை ஏவிப் பார்த்தார்கள். வெப்பநிலை மாறுபட்ட காற்று அடுக்குகளால் ரேடார் ஏமாந்திருக்கலாம் என்று விமானப்படை பத்திரிகையாளர்களைக் கூட்டி விளக்கியது. ஆனால் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. ஏலியன் பயம் இல்லை, மக்களைப் பற்றிய பயம்.

1953 ஜனவரியில் சி.ஐ.ஏ. ஒரு குழுவை உட்கார வைத்தது. தலைவர், ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர். சில நாள் கூடிப் பேசி அவர்கள் வந்த முடிவு இது. பறக்கும் தட்டுகளால் நாட்டுக்கு நேரடி ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் புகார்கள் இப்படிக் குவிந்தால், நிஜமாகவே சோவியத் குண்டுவீச்சு விமானம் வரும் நாளில் தகவல் தொடர்பு அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த விஷயத்தில் மக்களுக்கு இருக்கும் ஆர்வத்தைக் குறைக்க வேண்டும், ஊடகங்களைப் பயன்படுத்தலாம். அதற்கு உதவக்கூடியவர்கள் பட்டியலில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பேரும் இருந்தது. கூடவே, பறக்கும் தட்டு ஆர்வலர் சங்கங்களையும் கண்காணிக்க வேண்டும் என்றார்கள்.

கவனிச்சீங்களா? ஏலியன்களுக்காகத் தொடங்கிய வேலை, மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கையாளும் வேலையாக மாறிவிட்டது.

அதே 1953-ல், கனெக்டிகட் மாநிலத்தில் ஆல்பர்ட் பெண்டர் என்பவர் தன்னுடைய பறக்கும் தட்டு சங்கத்தைத் திடீரென்று இழுத்து மூடினார். கறுப்பு உடை போட்ட மூன்று பேர் வந்து மிரட்டியதாகச் சொன்னார். அவர் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் கிரே பார்க்கர் என்பவர் 1956-ல் அதைப் புத்தகமாக்க, 'கறுப்பு உடை மனிதர்கள்' என்ற நாட்டார் கதை பிறந்தது. அது 1990-ல் லோவெல் கன்னிங்ஹாம் எழுதிய காமிக்ஸாகி, அங்கிருந்து நம்ம வில் ஸ்மித் படமாச்சு.

இப்போ இன்னொரு ரகசியம் வானத்துக்கு வருகிறது. 1955-ல் சி.ஐ.ஏ.வின் யு-2 உளவு விமானம் பறக்கத் தொடங்கியது. அறுபதாயிரம் அடிக்கு மேல் பறக்கும். அன்றைய பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் பத்திலிருந்து இருபதாயிரம் அடிக்குள் பறந்தன. அவ்வளவு உயரத்தில் ஒரு விமானம் போகும் என்று யாருக்கும் கற்பனையே இல்லை. கீழே இருட்டிய பிறகும் மேலே இருக்கும் யு-2-வின் வெள்ளி இறக்கையில் சூரிய ஒளி பட்டு நெருப்பு மாதிரி ஜொலிக்கும். விமானிகள் பார்த்துப் பதறிப் புகார் எழுதுவார்கள். ப்ளூ புக் ஆட்கள் அதை சி.ஐ.ஏ.விடம் கேட்டு, 'ஓ, அது நம்ம விமானம்' என்று தெரிந்துகொள்வார்கள். ஆனால் புகார் எழுதியவருக்கு அதைச் சொல்ல முடியாது. அதனால் வேறு ஏதாவது காரணம் எழுதி அனுப்புவார்கள்.

1950-களின் கடைசியிலிருந்து 60-கள் முழுக்க வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி உளவு விமானங்கள்தான் என்று சி.ஐ.ஏ.வின் வரலாற்றாளர் 1997-ல் எழுதினார். அந்தக் கணக்கை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பொய்க் காரணம் சொல்லி அனுப்பினார்கள் என்பதை அரசே எழுதிவைத்திருக்கிறது.

ப்ளூ புக் 1969 டிசம்பரில் மூடப்பட்டது. மொத்தம் 12,618 புகார்கள், அதில் 701-க்கு விளக்கம் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னன்னா, நிஜத்தில் அந்தச் சின்ன ஆபீஸைப் பூட்டின கொஞ்ச நாளில்தான் கற்பனையில் பெரிய ஆபீஸ்கள் திறந்தன. பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' தொடருக்குள் 1968-ல் 'யூனிட்' என்ற ராணுவப் பிரிவு வந்திருந்தது. 1970-ல் ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியின் 'யு.எஃப்.ஓ.' தொடரில் 'ஷேடோ' என்ற அமைப்பு. தலைமையகம் ஒரு சினிமா ஸ்டூடியோவுக்கு அடியில். சந்திரனில் ஒரு தளம், கடலில் நீர்மூழ்கிகள். நிஜத்தில் ஒரு அறை, கதையில் நிலா வரைக்கும்!

ஏன் இந்தக் கற்பனை நமக்குப் பிடிக்கிறது? என் பதில் இது. வானத்தில் புரியாத ஏதோ ஒன்று தெரியும்போது, 'யாரோ ஒருத்தர் இதைப் பார்த்துக்கிட்டிருக்காங்க' என்ற நினைப்பு ஆறுதல். வீட்டில் பெரியவர்கள் விழித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் குழந்தை தூங்குவது மாதிரி.

ஆனால் அந்த ஆறுதலுக்கு ஒரு விலை இருக்கிறது. கதைகளே அதைக் காட்டுகின்றன. 'ஷேடோ' அமைப்பு சாட்சிகளுக்கு மறதி மருந்து கொடுக்கும். 2006-ல் வந்த 'டார்ச்வுட்' தொடரில் மறதி மாத்திரை. 'மென் இன் பிளாக்'கில் ஃபிளாஷ். கருவி மாறுகிறது, வேலை ஒன்றுதான். ஏலியனைப் பிடிப்பது பாதி வேலை, பார்த்தவர் மனதைத் துடைப்பது மீதி. 1993-ல் தொடங்கிய 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' மட்டும் கேமராவைத் திருப்பி, ஏமாற்றப்பட்டவர் பக்கம் வைத்தது. வாட்டர்கேட் ஊழலைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் தொடர் அது.

சரி, இதெல்லாம் கதைதானே, நிஜத்தில் யார் மனதைத் துடைத்தார்கள் என்று கேட்கலாம். அதற்குப் பதில் பால் பென்னவிட்ஸ்.

நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி நகரம். ஈரப்பதம் அளக்கும் கருவிகள் செய்யும் சிறு நிறுவனத்தின் முதலாளி. வீட்டுக்குப் பக்கத்தில் கிர்ட்லாண்ட் விமானப்படைத் தளம். 1980 வாக்கில் தளத்துக்கு மேலே விசித்திர விளக்குகளைப் பார்த்தார், படம் எடுத்தார், ரேடியோ அலைகளைப் பதிவு செய்தார். ஏலியன்கள் வந்துவிட்டார்கள் என்று நம்பினார். நல்ல குடிமகனாக நேராகப் படைத்தளத்துக்கே போய்ச் சொன்னார்.

தளத்தின் ரகசியச் சோதனை எதையோ அவர் தெரியாமல் தொட்டுவிட்டார் என்பதுதான் ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். 'ஐயா, அது எங்கள் வேலை, மேலே கேட்காதீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விமானப்படையின் புலனாய்வுப் பிரிவு அவருடைய நம்பிக்கைக்கே தீனி போட்டது. போலித் தகவல்கள் அவரிடம் போய்ச் சேர்ந்தன. டல்ஸி என்ற ஊருக்குப் பக்கத்து மலைக்கு அடியில் ஏலியன் தளம் இருக்கிறது என்று இன்றைக்கும் யூடியூபில் ஓடுதே, அந்தக் கதை பென்னவிட்ஸிடமிருந்து கிளம்பியதுதான்.

இது எப்படி வெளியே வந்தது? வில்லியம் மூர் என்ற எழுத்தாளர். ராஸ்வெல் பற்றிய முதல் புத்தகத்தை 1980-ல் சேர்ந்து எழுதியவர், பென்னவிட்ஸுக்குப் பழக்கமானவர். 1989-ல் லாஸ் வேகாஸில் ஆர்வலர்கள் மாநாட்டு மேடையில் ஏறி அவரே ஒப்புக்கொண்டார்: பென்னவிட்ஸ் என்ன செய்கிறார் என்பதை உளவுத் துறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவருக்குப் பொய்த் தகவல் போவது எனக்குத் தெரியும். கூட்டத்தில் ஒரே கூச்சல். ஆனால் அதற்குள் பென்னவிட்ஸின் தூக்கம் போய்விட்டது. ராத்திரியில் ஏலியன்கள் வீட்டுக்குள் வருவதாக நம்பினார். மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்கு வந்தார்.

இங்கே ஃபிளாஷ் எதுவும் அடிக்கவில்லை. ஒரு மனிதனின் ஞாபகத்தை அழிக்கத் தேவையே இல்லை. அதன் மேல் பொய்யை அடுக்கிக்கொண்டே போனால் போதும்.

நான் ரகசியமே தப்பு என்று சொல்ல வரவில்லை. பனிப்போர்க் காலத்தில் யு-2 பற்றி ஊருக்கெல்லாம் சொல்ல முடியாதுதான். ஆனால் 'சொல்ல மாட்டேன்' என்பது வேறு, 'நீ பார்த்தது அது இல்லை' என்பது வேறு. முதலாவதில் என் கண்ணும் என் புத்தியும் என்னிடமே இருக்கின்றன. இரண்டாவதில் அதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

வேற வழியே இல்லையா என்றால், இருந்தது. பிரான்ஸில் 1977-ல் அவர்களுடைய விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே வெளிப்படையாக ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அதன் பேர் கைபான். 2007-லிருந்து தன் கோப்புகளை இணையத்தில் போடுகிறது. விளக்கம் கிடைத்தால் விளக்கம், கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவிலும் 2022-ல் பென்டகன் 'ஆரோ' என்ற அலுவலகத்தைத் திறந்தது. 2024 மார்ச்சில் வந்த அதன் வரலாற்று அறிக்கை, ஏலியன் தொழில்நுட்பத்துக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்றது. நிஜமான ரகசியத் திட்டங்களைப் பார்த்துத்தான் பல நம்பிக்கைகள் பிறந்தன என்றும் சொன்னது. நிறைய பேர் நம்பவில்லை. நம்பாதவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரலை. ராஸ்வெல்லில் 1947-ல் சொன்ன பொய்யைத் திருத்த 47 வருஷம் ஆகியிருக்கு. இப்போ உண்மையே சொன்னாலும் எப்படி நம்புவாங்க?

அடுத்த தடவை 'மென் இன் பிளாக்' பார்க்கும்போது சிரிங்க, நல்லா சிரிங்க, நல்ல படம். ஆனா அந்த ஃபிளாஷ் அடிக்கும்போது கறுப்புக் கண்ணாடி போட்டவங்களை விட்டுட்டு, எதிரே நிக்கிறவங்க முகத்தை ஒரு நிமிஷம் பாருங்க. நிஜ வாழ்க்கையில் நாம நிற்கப்போகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.