தடய அறிவியலும் ஸ்ரீபெரும்புதூர் வழக்கும்

குற்றம் நடந்த இடத்தில் எஞ்சிய பொருள்களை அறிவியல் முறையில் ஆராய்ந்து, கண்டதை நீதிமன்றத்துக்கு விளக்கும் துறை தடய அறிவியல். குற்றவியல் நீதி படிக்க வரும் மாணவர்கள் பலர் இதை மேல்நாட்டுத் துப்பறியும் கதைகள் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் இத்துறை தொடங்கியது நம் சென்னையில்தான். 1849-ஆம் ஆண்டு அரசு வேதியியல் ஆய்வாளரின் கீழ் இங்கு ஓர் ஆய்வகம் ஏற்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆய்வகங்கள் அதற்குப் பிந்தியவை.

அக்காலத்தில் அதன் முதன்மை வேலை நஞ்சைக் கண்டறிவது. பாஷாணம், ஊமத்தை, அரளி ஆகியவை அன்று எளிதாகக் கிடைத்த நஞ்சுகள். இறந்தவரின் இரைப்பை முதலிய உறுப்புகளைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு, முத்திரை வைத்து அனுப்புவார்கள். முத்திரை உடைந்து வந்தால், ஆய்வு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதன் முடிவு ஐயத்துக்கு இடமாகும். காமராசர் சாலையில் உள்ள இன்றைய தடய அறிவியல் துறை அந்த ஆய்வகத்தின் வழித்தோன்றல்.

இத்துறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் வழக்கு திருவள்ளூருக்கு அருகிலேயே நிகழ்ந்தது. 1991 மே 21 இரவு 10.20 மணியளவில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தியும் வேறு பலரும் இறந்தனர். அன்று ஸ்ரீபெரும்புதூரும் திருவள்ளூரும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல். குண்டு பூச்செண்டில் இருந்தது என்று முதலில் பேசப்பட்டது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநர் ப. சந்திரசேகரன் பேச்சை விட்டுவிட்டு உடல்களைப் பார்த்தார். ஒரு பெண்ணின் தலையும் கைகால்களும் கிடைத்தன. நடுவுடல் சிதைந்து போயிருந்தது. அப்படியானால் குண்டு அவர் உடலிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். சிறு எஃகு மணிகள், துணித் துணுக்குகள், மின்கம்பி, மின்கலம் ஆகியவற்றைக் கொண்டு வெடிகுண்டு இடைக்கச்சையின் அமைப்பு தெளிவாயிற்று. இறந்து கிடந்த புகைப்படக்காரர் அரிபாபுவின் கேமரா சேதமின்றிக் கிடைத்தது. அதிலிருந்த படத்தில், மாலையுடன் நின்ற அந்தப் பெண் தெரிந்தார்.

பள்ளி ஆய்வகத்தில் உப்பைக் கண்டறியச் சொன்னால், பக்கத்து மேசையில் விடையைக் கேட்டுக்கொண்டு பிறகு சோதனையை எழுதும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தடய ஆய்வாளர் செய்யக்கூடாதது அதுதான்.

இனி எல்லையைப் பார்ப்போம். 1998 சனவரியில் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. குண்டை இயக்கியது 9 வோல்ட் மின்கலம் என்று ஆய்வகம் சொல்லலாம். அதை வாங்கிக் கொடுத்தவருக்கு அது எதற்கென்று தெரியுமா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அதற்குச் சான்றாக நின்றது பேரறிவாளனின் வாக்குமூலம். தமக்கு நோக்கம் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தாம் பதிவு செய்யவில்லை என்று, வாக்குமூலத்தை எழுதிய மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராசன் ஓய்வுபெற்ற பின் 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் 2022 மே 18 அன்றுதான் விடுதலையானார். அவரது விடுதலைக்குச் சட்டக் காரணம் வேறு. எனினும் மாணவர்கள் இந்த மின்கலத்தின் கதையை மறக்கக்கூடாது.

2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வரவேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு.

அச்சட்டம் வந்த சில மாதங்களில், அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த கவரைப்பேட்டை நிலையத்தில் பாக்மதி விரைவு ரயில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. முதன்மைப் பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தும் வண்டி கிளைப் பாதையில் புகுந்திருந்தது. பாதை பிரியும் இடத்தில் போல்ட்டுகளும் நட்டுகளும் இல்லை. அவை தேய்ந்து விழுந்தனவா, கழற்றப்பட்டனவா என்பதே கேள்வி. கருவி தானாகப் பழுதாகவில்லை, பாகங்கள் வேண்டுமென்றே அகற்றப்பட்டன என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் முடிவு செய்தார். எப்படி நடந்தது என்பதற்கு இது விடை. யார் செய்தது என்பதற்கு அன்று.