கடலைக் கடக்க முடியாத சாட்சிகள்

ஒரு கடலின் வரலாற்றை எழுத எங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது? திமிங்கில எலும்பு, சுறாப் பல் எண்டுதான் முதலில் நினைப்போம். ஆனால் பல இடங்களில் நம்பகமான சாட்சி, ஒரு மில்லிமீற்றர் அளவேயான ஒஸ்ட்ரகோட். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. மட்டி போல இரண்டு சுண்ணாம்பு ஓடுகள் உடலை மூடியிருக்கும். வளர்ந்து முடிவதற்குள் எட்டுத் தடவை ஓட்டைக் கழற்றிப் போடும். அந்த ஓடுகள்தான் சேற்றில் புதைந்து உயிர்ச்சுவடுகளாகின்றன.

நண்டுக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரம் போகும். கடலடியில் வாழும் ஒஸ்ட்ரகோட்டுகளுக்கு அப்படியொரு பருவம் கிடையாது. கரையோர இனங்கள் சில பாசியோடும் பறவையின் காலோடும் ஒட்டிக்கொண்டு போகலாம். ஆழ்கடல் இனங்களுக்கு அந்த வசதியும் இல்லை; தரையோடு ஊர்ந்துதான் பரவ வேண்டும். ஆகவே அவை ஒரு கடலுக்குள் வந்திருந்தால், அவற்றுக்கேற்ற ஆழமும் குளிரும் உள்ள பாதை திறந்திருந்திருக்க வேண்டும்.

மத்தியதரைக் கடலை எடுப்போம். 1970இல் 'குளோமர் சலஞ்சர்' கப்பல் அதன் அடித்தரையைத் துளையிட்டபோது உப்பும் ஜிப்சமும் வந்தன. ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அத்திலாந்திக்கோடு இருந்த தொடர்பு ஒடுங்க, நீர் ஆவியாகி, கடலே பெரும் உப்பளமாகியிருந்தது. முழுதாக வற்றியதா என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை.

மிச்சக் கதையை அமெரிக்க ஆய்வாளர் றிச்சர்ட் பென்சன் ஒஸ்ட்ரகோட் ஓடுகளில் வாசித்தார். உப்புக் காலத்தின் கடைசிப் படைகளில் கிடைத்தது சிப்ரிடீஸ் என்ற உவர்நீர் வகை. அப்போது அங்கே கிடந்தது கடல் அல்ல, களப்புப் போன்ற உவர்நீர் ஏரிகள். 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் திரும்பியது. அதற்குப் பிந்திய சேற்றிலோ, குளிர்ந்த ஆழ்கடல் இனங்கள்!

இன்று ஜிப்ரால்டர் வாசலின் ஆழம் குறைந்த இடம் சுமார் 300 மீற்றர்தான். அத்திலாந்திக்கின் அடிக்குளிர்நீர் அதைத் தாண்டி உள்ளே வர ஏலாது. மத்தியதரைக் கடலின் அடிநீர் 13 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. அந்தக் குளிர்நீர் இனங்களும் அங்கே இப்போது இல்லை. அப்படியெண்டால் அன்றைய வாசல் இன்னும் ஆழமாக இருந்திருக்க வேண்டும் என்பது பென்சனின் வாதம்.

ஒரு கடலின் உயிர்கள் அழிய, அது வற்றத்தான் வேண்டும் என்றில்லை. நீர் அப்படியே நிறைந்திருக்க, வாசல் மட்டும் ஆழம் குறைந்தாலும் அடியில் வாழ்ந்தவை போய்விடும். வரைபடத்தில் கடல் மாறாமல் தெரியும். போனவற்றின் கணக்கு இந்த ஓடுகளில்தான் இருக்கிறது.