கிண்டர் மலையும் உழைப்பாளர் காலடிகளும்

பிரித்தானியர் ஆட்சிக்காலத்துப் பூமிசாத்திரப் பாடநூல்களில் பெனைன் மலைத்தொடருக்குத் தவறாது ஓரிடம் இருந்தது. அஃது இங்கிலாந்தின் முதுகெலும்பு. அதன் மேற்கே பருத்தி ஆலைகள், கிழக்கே கம்பளி ஆலைகள். இவ்வளவையும் மனனஞ்செய்து ஒப்புவித்தால் மாணவனுக்குப் புள்ளி கிடைத்தது. அவ்வாலைகளில் வேலைசெய்தோர் தம் கண்ணெதிரே தெரிந்த அம்மலையில் ஏறலாமா என்ற வினாவை அந்நூல்கள் எழுப்பவில்லை. பெரும்பகுதி மலைக்கு ‘ஏறலாகாது’ என்பதே அன்றைய விடை. அவ்விடையை மாற்றியோர் யாவர், மாறியபின் மலைக்கு நேர்ந்தது என்ன என்பனவற்றையே இங்கு நாம் எழுத முற்படுகின்றோம்.

மாஞ்செஸ்ரர் நகருக்கும் ஷெபீல்ட் நகருக்கும் இடையே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் உள்ளது. உயரம் 636 மீற்றர். நமது பீதுறுதாலகாலையின் முன் அது வெறும் திடல். உச்சியிற் கூரிய சிகரம் இல்லை. ஈரத்திற் பாதி மட்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான முற்றா நிலக்கரிப் படை, கரிய பஞ்சுபோல அம்மேட்டை மூடிக் கிடக்கின்றது. அப்படை ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளரும். இக்கணக்கை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும், பின்னர் தேவைப்படும்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் நூறாண்டுக் காலத்துள் ஆங்கிலப் பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஊரவர் ஆடுமாடு மேய்த்த பொது நிலங்கள் இச்சட்டங்களால் தனியாருக்குப் பங்கிடப்பட்டன. கிண்டர் மேடும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறே பறிபோயிற்று. (ஏறக்குறைய அதே காலத்தில், 1840ஆம் ஆண்டுச் சட்டத்தினால், இலங்கையின் காடுகளும் உரித்துக் காட்டமுடியாத சேனை நிலங்களும் முடிக்குரியவை ஆக்கப்பட்டதை நம் மாணவர் அறிவர். கள்வனின் கைவரிசை இரு தீவிலும் ஒன்றே.) பின்னர் அம்மேடு கிறௌஸ் என்னும் பறவையைச் சுடுவதற்கான வேட்டைநிலமாயிற்று. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 12ஆந் திகதி வேட்டை தொடங்கும். சுடுவதோ சில நாள். அச்சில நாளுக்காக ஆண்டு முழுவதும் காவல்.

ஆலைத் தொழிலாளருக்குச் சனிக்கிழமைப் பிற்பகலும் ஞாயிறும் ஓய்வாகக் கிடைத்தபோது புகைமண்டிய தெருவை விட்டு வெளியே செல்லும் வேட்கை எழுந்தது. 1896ஆம் ஆண்டு போல்ற்றன் நகருக்கருகே, வின்ரர் ஹில் என்னும் குன்றுக்குச் செல்லும் பாதையைச் சலவை ஆலை முதலாளி ஒருவர் அடைத்தபோது, பத்தாயிரம் பேர் வரையில் அப்பாதையில் நடந்து சென்றனர். நீதிமன்று முதலாளியின் பக்கமே தீர்ப்பளித்தது. 1900ஆம் ஆண்டில் ஜீ. எச். பீ. வார்ட் என்னும் ஷெபீல்ட் தொழிலாளி, ‘கிளாரியன்’ என்ற சமவுடைமை வார இதழின் பெயரால் நடைப்பயணிகள் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் நடை கிண்டர் மலையைச் சுற்றியே அமைந்தது.

1932ஆம் ஆண்டுக்கு வருவோம். உலகப் பொருளாதார மந்தம் மாஞ்செஸ்ரரைக் கௌவியிருந்தது. வேலையற்ற இளைஞரின் கையிற் காசில்லை, காலிற் பலமிருந்தது. பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்திருந்த பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தின் லங்காஷயர்ச் செயலாளர் பெனி றொத்மன், உறுமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை, வயது இருபது. இச்சம்மேளனத்தார் சிலரை வேட்டைக் காவலர் மலையிலிருந்து விரட்டிவிட்டனர். ஐந்தாறு பேரை விரட்டலாம், ஐந்நூறு பேரை விரட்ட இயலுமா என்று இளைஞர் எண்ணினர்.

ஏப்ரில் 24ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பொலிஸார் மாஞ்செஸ்ரர்ப் புகையிரத நிலையத்திற் காத்திருக்க, றொத்மன் துவிச்சக்கர வண்டியில் ஹேபீல்ட் ஊரை அடைந்தார். அங்குள்ள பழைய கற்குழி ஒன்றிற் கூடியோர் ஏறத்தாழ நானூறு பேர். கற்பாறை மீது நின்று அவர் பேசினார். பின்னர் யாவரும் பாட்டுப் பாடிக்கொண்டு மலையேறினர். தடியேந்திய காவலர் வழிமறித்தனர், சிறு கைகலப்பு, காவலர் ஒருவருக்குக் கணுக்காலிற் காயம். மேலேறியோர் ஷெபீல்ட் பக்கத்திலிருந்து வந்த தோழரைச் சந்தித்துத் திரும்பினர். ஹேபீல்டிற் பொலிஸார் காத்திருந்தனர்.

பிறர் நிலத்தில் நடப்பது அன்று ஆங்கிலச் சட்டப்படி குற்றமே அன்று. நட்டஈடு கேட்டு வழக்கிடலாம், அவ்வளவே. ஆகவே கலகஞ்செய்யக் கூடினர் என்ற குற்றம் சாட்டப்பட்டது. டேர்பி நகரில், இராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்த பெருஞ் ஜூரிச் சபையின் முன் வழக்குச் சென்றது. றொத்மன் தமக்காகத் தாமே வாதாடினார். ஐவர் சிறை சென்றனர். தண்டனை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை. றொத்மனுக்கு நான்கு மாதம். இந்த அத்துமீறலை முன்னர்க் கண்டித்த மிதவாத நடைப்பயணிகள் சங்கங்களும் தண்டனையைக் கண்டு கொதித்தன. ஆட்சேபித்தோரை ஆதரவாளராக்கும் வேலையைப் பெரும்பாலும் நீதிபதிகளே செய்து முடிக்கின்றனர்.

நிலப்பிரபுக்களின் வாதம் யாது? மக்கள் நடந்தால் கூட்டிலிருக்கும் பறவை கலையும், மேட்டுநிலம் கெடும் என்பதே. அப்பறவையைத் துவக்கினால் வீழ்த்துவோர் அதன் அமைதிக்காகக் கவலைப்பட்டனர்! இளந்தளிர் பறவைக்கு உணவாகுமென்று ஹெதர்ப் புதர்களை முறைவைத்து எரித்தோர் நிலத்தின் நலம் பேசினர். இயற்கையின் பெயரால் வேலி காக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி ஆட்சி 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டத்தை நிறைவேற்றியது. 1951இல் கிண்டர் அடங்கிய பீக் மாவட்டமே நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 1965ஆம் ஆண்டு, அதே ஏப்ரில் 24ஆந் திகதியில், பெனைன் வழி என்னும் நெடும் நடைபாதை திறக்கப்பட்டது. கிண்டர் அடிவாரத்து எடேல் ஊரிலிருந்து ஸ்கொத்லாந்து எல்லைவரை அதன் நீளம் 268 மைல். முப்பது ஆண்டுகளுக்கு முன், 1935இல், தொழிற்கட்சி ஏடொன்றில் அவ்வழியைக் கனவுகண்டு எழுதிய பத்திரிகையாளர் ரொம் ஸ்ரீபன்சன் அத்திறப்பைக் கண்ணாரக் கண்டார்.

நம் பக்கத்தார் எழுதும் வரலாறுகள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. மக்கள் வென்றனர், முற்றும் என்று. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஏனெனில் வென்ற மக்களின் காலடியில் மலை தேயத் தொடங்கியது.

முற்றா நிலக்கரி நிலத்தில் ஆயிரம் சப்பாத்துக்கள் ஒரே தடத்தில் மிதித்தால் முதலில் மேலே மூடிய செடி சாகின்றது. செடி செத்த இடத்திற் கரிய மண் வெளிப்படுகின்றது. பனி உறைந்து அதைப் பொருமச் செய்கின்றது, மழை கரைக்கின்றது, காய்ந்தால் காற்று தூற்றுகின்றது. தடம் சேறாகின்றது. சேற்றை வெறுத்து அடுத்து வருபவர் ஓரமாக நடக்கின்றார், அவ்வோரமும் சேறாகின்றது. ஒற்றையடிப் பாதையாக இருந்தது இவ்வாறு பெருந்தெருவினும் அகன்ற கரும்புண்ணாக விரிந்தது. எடேலிலிருந்து கிண்டர் உச்சிக்கு முதலில் வகுத்த வழி கைவிடப்பட்டு வேறுவழி காட்டப்பட்டது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றராகச் சேர்ந்த மண்ணை ஒரு கோடைகால விடுமுறைக் கூட்டம் அழிக்க வல்லது. 2019இல் மார்ஸ்டன் மேட்டில், உல்லாசமாக உணவு சுட்டவர் மூட்டிய நெருப்பு பெருங்காட்டுத்தீயாகி முற்றா நிலக்கரியையே எரித்தது. இவற்றை மறைத்தல் நம் கட்சிக்கு அழகன்று.

ஆயின், நிலப்பிரபு சொன்னது இறுதியில் மெய்யாயிற்றோ? அவசரப்பட வேண்டா. கால்படாத பள்ளங்களிலும் கரிமண் வெறுமையாய்க் கிடந்தது; நடைபாதை இல்லாத சரிவுகளிலும் நிலம் வெடித்தோடியது. காரணத்தை அறிய மீண்டும் மாஞ்செஸ்ரருக்கே செல்லவேண்டும். 1852இலேயே றொபேட் அங்கஸ் ஸ்மித் என்ற இரசாயனவியலாளர் அந்நகரின் மழையிற் கந்தக அமிலம் இருப்பதை எழுதினார். ‘அமில மழை’ என்ற பெயரும் அவர் வழங்கியதே. நூற்றுக்கணக்கான ஆலைக் கூம்புகள் உமிழ்ந்த நிலக்கரிப் புகை மேல்காற்றோடு கிண்டர் மீது விழுந்தது. தன் எடையைப்போலப் பன்மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் என்னும் பாசியே முற்றா நிலக்கரியைப் படைக்கும் உயிர். அப்பாசி அமிலத்தால் அழிந்தது. பாசி அழிந்த மேட்டில் அளவுக்கு மிஞ்சி ஆடுகள் மேய்ந்தன. தீ பலமுறை பரவியது. ஈற்றில் வந்தவரே நடைப்பயணிகள். ஏற்கெனவே புண்பட்ட உடலில் அவர்தம் கால் பட்டது. தொழிலாளியின் நெஞ்சிற் படிந்த அதே புகைதான் மலையையும் கொன்றது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் குற்றம், முதலாளியின் ஆறுநாட் குற்றத்தின்முன் சிறிது. சிறிது என்கிறோம், இல்லை என்கவில்லை.

1982இல் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் கிண்டரை வாங்கியது. ஆடுகளை அகற்றிய இடங்களிற் புல் மீண்டும் தலைகாட்டியது. 2003 தொடக்கம் அப்பிரதேச மேட்டுநிலங்களைச் சீராக்கும் பெருமுயற்சி நடைபெறுகின்றது: சுண்ணாம்பு தூவிப் புல் விதைத்தல், சரிவுகளிற் சணல் வலை விரித்தல், நீரோடும் வெடிப்புக்களை அணைகட்டி மறித்தல், பாசியைக் கையால் நடுதல். சேதத்துக்கு மருந்து தேடியோர் மலையை மீண்டும் பூட்டிவிடவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை விரிவாக்கியது. அதுவும் இங்கிலாந்து நிலத்தில் எட்டு வீதத்துக்கே பொருந்தும்.

2002ஆம் ஆண்டு, எழுபதாம் நிறைவு விழாவிலே, 1932இல் கிண்டர் மேட்டின் உடைமையாளராயிருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரர் தம் முன்னோரின் செயலுக்கு மன்னிப்புக் கேட்டார். றொத்மன் அதைக் கேட்க உயிரோடில்லை. மூன்று மாதங்களுக்கு முன் தம் தொண்ணூறாவது வயதில் மறைந்துவிட்டார்.

சேறான பெனைன் வழிக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. லங்காஷயரின் பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு இடிக்கப்பட்டபோது, அவற்றின் தளத்திற் பதித்திருந்த பெருங் கற்பலகைகள் எஞ்சின. அவற்றை ஹெலிகொப்ரரில் தூக்கிச்சென்று மேட்டின்மீது ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பினர். நடப்பவர் கல்லிலேயே நடக்க, இருபுறமும் மிதிபடாத மண்ணிற் பஞ்சுப்புல் வளரலாயிற்று. அக்கற்கள் சிலவற்றில் இன்னும் துளைகள் தெரிகின்றன. ஆலையில் இயந்திரங்களைப் பிணித்திருந்த ஆணிகளின் துளைகள் அவை. மழைநாளில் அவற்றில் நீர் தேங்கி நிற்கும்.