'கன்க்ளூசிவ்': ஒரு சட்டச்சொல்லின் பொருள் வரலாறு

ஐயத்திற்கு இடமின்றி ஒன்றை நிறுவும் சான்றை ஆங்கிலத்தில் 'கன்க்ளூசிவ்' என்னும் அடைமொழியால் சுட்டுவர். தமிழில் அதனை 'முடிவான', 'அறுதியான' எனப் பெயர்ப்பது வழக்கம். பொதுவழக்கிற்கு இவை போதும். இந்தியச் சட்டத்தில் அச்சொல் ஏற்ற பொருளோ வேறு. அதன் இலத்தீன் வேர் 'அடைத்தல்' எனப் பொருள்படும். சட்டம் அவ்வேர்ப்பொருளுக்கே திரும்பியது எனலாம்.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இச்சொல்லுக்கு வரையறை தந்தது. ஒரு செய்தி மற்றொன்றிற்கு முடிவான சான்று எனச் சட்டம் கூறுமாயின், முன்னது மெய்ப்பிக்கப்பட்டவுடன் பின்னதும் மெய்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதனை மறுக்கும் சான்றை நீதிமன்றம் ஏற்றல் கூடாது. இங்குப் பேசப்படுவது சான்றின் வலிமையன்று, எதிர்ச்சான்றுக்கு இடப்படும் தடையே. 'மறுக்கவொண்ணா' என்பது இதற்குச் சற்று நெருங்கிய பெயர்ப்பு.

ஆட்சியாளர்க்கு இத்தடை பயன்படும் என்பது சொல்லாமலே விளங்கும். பிரித்தானிய ஆட்சிப்பகுதி சுதேச அரசர்க்கு விட்டுக்கொடுக்கப்பட்டதற்கு அரசிதழ் அறிவிப்பே முடிவான சான்று என்றது 113ஆம் பிரிவு. பவநகர் அரசுக்குக் கத்தியவார் ஊர்கள் சில மாற்றப்பட்டது குறித்த வழக்கில், அவ்வாறு விசாரணையைத் தடுக்க இந்தியச் சட்டமியற்றுநர்க்கு அதிகாரமில்லை எனப் பிரிவி கவுன்சில் 1876இல் தீர்ப்பளித்தது.

112ஆம் பிரிவு குடும்பத்தைத் தொட்டது. மணவாழ்வின்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் புரியாதிருக்க 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை, கணவனின் முறையான மகவு என்பதற்கு அப்பிறப்பே முடிவான சான்று. கருவுறும் காலத்தில் இருவர்க்கும் கூடும் வாய்ப்பே இல்லையெனக் காட்டுவதொன்றே விலக்கு. குழந்தையைப் பழிச்சொல்லினின்று காத்த ஏற்பாடு இது. மரபணுச் சோதனை அன்று இல்லை. அது வந்தபின் சட்டம் அடைத்த கதவை அறிவியல் தட்டியது. 2014இல் உச்ச நீதிமன்றம், தந்தையல்லர் எனக் காட்டிய மரபணு முடிவை இப்பிரிவின் ஊகத்திற்கு மேலாக ஏற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமோ 113ஐக் கைவிட்டு, 112ஐ 116ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பழைய 112ஆம் பிரிவின்கீழ் எழுந்த வழக்கொன்றில், கூடும் வாய்ப்பின்மை முதலில் நிறுவப்படாமல் மரபணுச் சோதனைக்கு ஆணையிட மறுத்தது.