கேத்திப் பள்ளத்தாக்கும் பஞ்ச் பானமும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

குன்னூருக்கும் உதகமண்டலத்திற்கும் இடையே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது கேத்தி. படகர்களின் பழைமையான ஊர்களுள் ஒன்றான இங்கு, சென்னை மாகாண ஆளுநர் லஷிங்டன் (1827–1832) காலத்தில் சோதனைப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் ஆளுநரான எல்பின்ஸ்டன் பிரபு இங்கு மாளிகை அமைத்துக்கொண்டார். பங்களா வாழ்க்கை இவ்வாறு இப்பள்ளத்தாக்கில் வேரூன்றியது. அதனுடன் குளிர்மாலைகளின் கலவைப் பானமும் மலையேறியது.

'பஞ்ச்' என்னும் இப்பானத்தின் பெயர் 1632ஆம் ஆண்டு ஆங்கிலக் கடிதம் ஒன்றிலேயே இடம்பெறுகிறது. 1670களில் இந்தியக் கடற்கரையில் பயணம் செய்த மருத்துவர் ஜான் ஃப்ரையர், ஐந்து சேர்மானங்களைக் கொண்டதால் இப்பெயர் வந்ததாக விளக்கினார். மதுப்பீப்பாயைக் குறிக்கும் 'பஞ்சன்' என்ற சொல்லே மூலம் என்பாரும் உளர். சொல்மூலம் எதுவாயினும், சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, நறுமணப்பொருள், நீர் என்னும் சேர்மானப் பட்டியல் இந்தியத் துறைமுக வாழ்வையே சுட்டுகிறது.

செய்முறை எளிதன்று. எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையோடு தேய்த்து அதன் எண்ணெயை இறக்க வேண்டும். பின் சாறும் வெந்நீரும் சேர்த்து, இறுதியிலேயே மதுவை ஊற்ற வேண்டும். மது 78 பாகை செல்சியசிலேயே ஆவியாவதால் அதனைக் கொதிக்கவிடுவதில்லை. கேத்தியின் உயரத்தில் நீரே ஏறத்தாழ 93 பாகையில் கொதித்துவிடும். மேலே தூவுவது சாதிக்காய்த் துருவல். அருந்தியவர் உணரும் வெப்பமோ தோலடிக் குருதிக்குழாய்கள் விரிவதால் எழுவது. உடல் உண்மையில் வெப்பத்தை இழக்கிறது.

இச்சேர்மானங்களுள் நீர் ஒன்றே கேத்திக்குரியது எனலாம். மேட்டுப்பாளையத்திற்கு இரயில் வந்தது 1873இல், குன்னூருக்கு 1899இல், உதகமண்டலத்திற்கு 1908இல். அதுவரை மலைப்பாதையில் மாட்டுவண்டிகளும் சுமைகூலிகளுமே சரக்கேற்றினர். எனவே இப்பானத்தின் வரலாற்றை அருந்தியவரிடமிருந்து மட்டும் எழுதுவது பொருந்தாது. கலந்து கொடுத்த பட்லரும் சமையற்காரரும் ஆவணங்களில் பெரும்பாலும் பெயரற்றவர்கள். 1878இல் சென்னையில் வெளிவந்த தம் சமையல் நூலில் கென்னி ஹெர்பர்ட், சென்னைச் சமையற்காரர் அனைவரையும் 'ராமசாமி' என்ற ஒரே பெயரால் சுட்டுகிறார். செய்முறை நுணுக்கம் எவருடைய கையில் இருந்ததோ அவரை வகைப்பெயராக்கிவிடும் இவ்வழக்கு, கேத்திப் பங்களாக்களின் அடுக்களையைத் தேடும் ஆய்வாளருக்கு முதல் தடை.

1948 அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அதன்பின் இம்மலையிலும் உரிமம் பெற்றோரின் கோப்பைகளில் மட்டுமே பஞ்ச் சட்டப்படி எஞ்சியது.