கலா: கடல் கடந்தவர்களுக்கு இட்ட பெயர்

எண்ணூரில், முகத்துவாரக்குப்பத்தை ஒட்டித்தான் கொசஸ்தலையாறு கடலில் விழுகிறது. பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால், அந்த வெள்ளம் முகத்துவாரம் வந்து சேருமுன் மணலி, சடையன்குப்பம் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்துவிட்டுத்தான் வரும். அப்படித் தண்ணீர் புகும் இடங்களில் ஒன்றுக்குப் பர்மா நகர் என்று பெயர். மழைக்காலச் செய்திகளில் அடிபடும் அந்தப் பெயருக்குப் பின்னால், 1960களில் ரங்கூனில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய கூட்டம் இருக்கிறது. வியாசர்பாடியிலும் அவர்கள் குடியேறினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரை உருவாக்கியவர்களும் அவர்களே.

சென்னையில் அவர்களுக்குப் பெயர் பர்மாக்காரர்கள். அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. ஐராவதிக் கரையில் பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே பெற்றோரை அடக்கம் செய்தவர்களுக்கு எது தாயகம் என்று அந்தக் காகிதம் கேட்கவில்லை. பர்மாவில் அவர்களுக்கு இருந்த பெயரோ வேறு. கலா.

தமிழில் கலா என்றால் பெண் குழந்தைக்கு ஆசையாக இடும் பெயர். பர்மியத்தில் அது மேற்கேயிருந்து வந்தவனைக் குறிக்கும் சொல். இன்று பெரும்பாலும் வசைச்சொல். இந்துவையும் முஸ்லிமையும், தமிழனையும் வங்காளியையும் பிரித்துப் பார்க்காமல் எல்லோர் மேலும் விழுந்த வசை அது. 2017 ஆகஸ்ட் 25 அன்று ரக்கைன் மாநிலத்தில் இந்துக் கிராமத்தவர் 53 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையைப் புரிந்துகொள்ள முயலும்போதெல்லாம் இந்தச் சொல்தான் என் முன்னால் வந்து நிற்கிறது.

பர்மிய எழுத்தில் அதைக் 'குலா' என்றுதான் எழுதுகிறார்கள். பேச்சில் முதல் உயிர் தேய்ந்து 'கலா' ஆகிவிடுகிறது. பர்மாவின் பழைய தலைநகரான பகான் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆகவே வயது எண்ணூறு ஆண்டுகளுக்குக் குறையாது. எங்கிருந்து வந்தது என்பதில் மூன்று கருத்துகள் உண்டு. குலம் என்ற பொருளுள்ள பாலி, சமஸ்கிருதச் சொல்லே மூலம், சாதிகுலம் பார்க்கும் மக்கள் என்பதால் அப்படி அழைத்தார்கள் என்பது ஒன்று. 'கடந்து வருதல்' என்ற பொருள் தரும் இரண்டு பர்மியச் சொற்களின் கூட்டு என்பது இரண்டாவது. கறுப்பன் என்பதுதான் பொருள் என்பது மூன்றாவது. வசையாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் நம்புவதும் அதைத்தான்.

மூன்றாவதை ஏற்க எனக்கு வழியில்லை. எழுத்தில் முதலெழுத்து 'கு'வாக நிற்பது ஒரு காரணம். ஐரோப்பியன் வந்தபோது பர்மியர்கள் அவனைக் 'கலாபியூ', அதாவது வெள்ளைக் கலா என்று அழைத்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். கலா என்ற சொல்லுக்குள் கறுப்பு இருந்திருந்தால் அதன் தலையில் வெள்ளையை ஏற்றியிருக்க முடியாது. கடந்து வந்தவன் என்ற விளக்கம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் பொருத்திச் சொன்னதுபோல்தான் படுகிறது. குலத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. எப்படியிருந்தாலும், முதலில் இது நிறத்தைச் சொல்ல வந்த பெயர் அல்ல, திசையைச் சொல்ல வந்த பெயர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பகானை ஆண்ட நரத்து என்ற மன்னனுக்குக் 'கலாஜா மின்' என்று பட்டம். கலாக்களால் வீழ்ந்த அரசன் என்று பொருள். மேற்கிலிருந்த ஓர் அரசனின் மகளை இவன் கொன்றான், பழிவாங்க வந்தவர்கள் பிராமண வேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்து இவனைக் கொன்றார்கள் என்பது பர்மிய அரச வரலாறுகள் சொல்லும் கதை. அந்தக் கதையிலும் கலா என்பது அயலான் என்ற அளவில்தான் நிற்கிறது.

பகானுக்குப் போன நம்மவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு கல் சாட்சியாக இருக்கிறது. பகானை அடுத்த மியின்கபாவில் கிடைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்து. மேலே சமஸ்கிருதச் சுலோகம், கீழே தமிழ் உரைநடை. மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த இராயிரன் சிறியான் என்கிற குலசேகர நம்பி, அங்கிருந்த விஷ்ணு கோயிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் எரிந்துகொண்டேயிருக்க ஒரு விளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. கோயிலின் பெயர் நானாதேசி விண்ணகர். பல தேசத்தார் என்று பொருள்படும் நானாதேசி, வணிகர்கள் தாங்களே சூடிக்கொண்ட பெயர். ஊரார் கலா என்றார்கள். இவர்கள் நானாதேசி என்றார்கள். இரண்டு பெயர்களும் ஒரே தெருவில் சண்டையில்லாமல் இருந்த காலம் அது. பௌத்த அரசனின் தலைநகரில் பெருமாளுக்கு விளக்கு எரிந்தது. பகானின் பழைய மதிலுக்குள் நத்லாங் சௌங் என்ற விஷ்ணு கோயில் இன்றும் நிற்கிறது.

வீட்டுக்குள்ளும் இந்தச் சொல் சாதுவாகவே புழங்கியது. நாற்காலிக்குப் பர்மியத்தில் 'கலாதைங்', கலா உட்காருவது. திரைச்சீலை 'கலாகா'. ஒட்டகம் 'கலாஒக்'. கடலைப் பருப்பு 'கலாபே'. கலாக்கள் கொண்டுவந்த பயறு. இதில் 'பே' என்ற பகுதியைச் சென்னைக்காரர்கள் தினமும் சாயங்காலம் மென்றுகொண்டிருக்கிறார்கள். பர்மா பஜாரை அடுத்த செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடைக்காரர் நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, கடைசியில் தட்டை மாதிரி ஒன்றை நொறுக்கித் தூவுவார். அதுதான் பேஜோ. பே என்றால் பயறு, ஜோ என்றால் பொரித்தது. கப்பலில் வந்தவர்கள் பேயைக் கூட்டி வந்தார்கள், கலாவை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அயலான் எப்போது ஈனன் ஆனான் என்றால், பதில் பிரிட்டிஷ் ஆட்சியில் கிடைக்கிறது. பர்மாவை இந்தியாவின் ஒரு மாகாணமாக்கி, இந்தியக் கூலிகளையும் குமாஸ்தாக்களையும் சிப்பாய்களையும் வெள்ளைக்காரன் கொண்டுபோய் இறக்கினான். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். நெல் விலை வீழ்ச்சியில் உழவர்கள் கடனைக் கட்ட முடியாமல் போக, 1930களின் முடிவில் கீழ்ப்பர்மாவின் நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்வாசி நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. கலாவுக்கு முன்னொட்டுகள் முளைத்தன. வட்டிக்கு விடுகிறவர் செட்டிக் கலா. கோரிங்கா துறைமுகத்திலிருந்து வந்த தெலுங்குக் கூலி கோரிங்கிக் கலா. தமிழ் முஸ்லிம் சூலியாக் கலா. நிலம் போனவனின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது பாய்ந்தது வட்டிக் கணக்குப் புத்தகத்தின் மேல் அல்ல, மூட்டை தூக்கியவன் மேல்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்கு முதலாளிகள் பர்மியர்களை வேலைக்கு வைத்தார்கள். பிறகு சமரசமாகி, பழைய ஆட்களையே திரும்ப எடுத்துக்கொண்டு பர்மியர்களை விரட்டினார்கள். மே 26 அன்று மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுகக் கூலி வேலையை அறிந்தவர்களுக்கு இதன் சூத்திரம் புரியும்: பிழைப்பைப் பறித்த முதலாளி மாடியில் இருப்பான், அடி விழுவது பக்கத்தில் நிற்கிறவன் மேல். அந்தக் கலவரத்தின் சூட்டில்தான் 'நாங்கள் பர்மியர்' என்று பொருள்படும் தொபமா இயக்கம் எழுந்தது. 1938 கலவரம் முஸ்லிம்களைக் குறிவைத்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் நாட்டுடைமை ஆயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். சடையன்குப்பத்துப் பர்மா நகருக்கு விதை விழுந்தது அப்போதுதான்.

இவற்றையெல்லாம் இந்து சமயத்தின் மேல் நடந்த தாக்குதல் என்று எழுதினால் அது பொய். அடி விழுந்தது இனத்துக்கும் பிழைப்புக்கும். ஊர் திரும்பியவர்களில் சிலர் மணிப்பூரின் மோரே வழியாக மீண்டும் பர்மாவுக்கு நடக்கப் பார்த்து, முடியாமல், எல்லையிலேயே தங்கி அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரனுக்கும் கோயில் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு ஒட்டுதல் அவர்களுக்கு அந்த மண்ணோடு இருந்தது. அங்கேயே தங்கிவிட்டவர்களை 1982 குடியுரிமைச் சட்டம் கழுத்தில் பிடித்தது. 1823க்கு முன்பே குடியிருந்த இனங்களுக்குத்தான் முழு உரிமை. பிறகு வந்தவர்களின் வாரிசுகள் இரண்டாம், மூன்றாம் படி. அந்தச் சட்டம் கை வைத்தது இவர்களின் கோயில்களில் அல்ல, குடியுரிமையில்தான்.

இணையம் வந்ததும் கலா என்ற சொல் கூரானது. முஸ்லிம்களுக்கு எதிராகப் பிக்குகள் சிலர் கிளப்பிய வெறுப்புப் பேச்சில் அதுவே முதற்சொல். 2017இல் ஃபேஸ்புக் விழித்துக்கொண்டு அந்தச் சொல் இருந்த பதிவுகளை நீக்கத் தொடங்கியபோது நாற்காலியைப் பற்றி எழுதியவரும் பருப்பைப் பற்றி எழுதியவரும் மாட்டிக்கொண்டார்கள். எழுத்தைத் தடுக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த எழுத்தின் எண்ணூறு வருஷம் தெரிந்திருக்கவில்லை. ரக்கைனின் ரோஹிங்யா முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்ப அந்தத் தளம் கருவியானதாக ஐ.நா. உண்மை அறியும் குழு 2018இல் சொன்னது.

அதே 2017, ஆகஸ்ட் 25 காலை. அர்சா என்ற ரோஹிங்யா ஆயுதக் குழு வடக்கு ரக்கைனில் சுமார் முப்பது காவல் நிலைகளைத் தாக்கியது. மவுங்டோவின் வடக்கே ஆநௌக் கா மவுங் செய்க் என்ற ஊரின் இந்துக்களை, அவர்கள் வீட்டு வாசலிலிருந்தே சுற்றிவளைத்துக் கண்ணைக் கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2018 மே மாதம் வெளியிட்ட விசாரணையின்படி ஆண்கள் 20, பெண்கள் 10, குழந்தைகள் 23. அந்தக் குழந்தைகளில் 14 பேர் எட்டு வயதுகூட நிரம்பாதவர்கள். மதம் மாறச் சம்மதித்த எட்டுப் பெண்களும் அவர்களின் எட்டுக் குழந்தைகளும் மட்டும் உயிரோடு விடப்பட்டு வங்கதேசத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அர்சா இதை மறுத்தது. தப்பியவர்களின் சாட்சியத்தை விசாரணை ஏற்றுக்கொண்டது, நானும் ஏற்கிறேன்.

அந்தச் சாட்சியத்தில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. கொல்ல வந்தவர்கள், நீங்களும் ரக்கைன்காரர்களும் ஒன்றுதான், உங்கள் மதம் வேறு, இங்கே இருக்கக் கூடாது என்றார்களாம். கா மவுங் செய்க் இந்துக்கள் பேசியது ரோஹிங்யாக்களின் பேச்சுக்கு நெருங்கிய மொழி. முகச்சாயலும் ஏறக்குறைய ஒன்றே. அதனாலேயே ரக்கைன் பௌத்தர்களுக்கு அவர்கள் கலாக்கள். கலா என்று ஒருவன் ஒதுக்கினான். கலா இல்லை, நீ அவன் ஆள் என்று இன்னொருவன் வெட்டினான். அவர்கள் இந்துக்கள் என்பதற்காகவே செத்தார்கள். மதத்தின் பேரால் நடந்த கொலை இது. இதற்கு வேறு பெயர் வைத்து மழுப்பக் கூடாது.

இந்தப் பிணங்களைப் பற்றிப் பேச வந்தவர்கள் பலருக்குப் பிணங்கள் மேல் அக்கறை இல்லை. ரோஹிங்யாக் கிராமங்களை எரித்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரை விரட்டிய பர்மிய ராணுவம், பத்திரிகையாளர்களை அழைத்துவந்து இந்தப் புதைகுழிகளைக் காட்டி, தன் கையிலிருந்த ரத்தத்தை மறைக்கப் பார்த்தது. நம் நாட்டில் சிலர் இதை எடுத்துக்கொண்டு, அகதியாக வந்த ரோஹிங்யாக் குழந்தைகளையும் கொலைகாரர் பட்டியலில் சேர்த்தார்கள். இன்னும் சிலர், ரோஹிங்யாக்களின் துயரம் நீர்த்துவிடுமோ என்று கா மவுங் செய்க்கை உச்சரிக்கவே தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எனக்கு மற்ற இரண்டையும்விட வலிக்கிறது. காரணம், அது நல்லவர்களிடமிருந்து வந்தது.

2017 செப்டம்பர் இறுதியில் கா மவுங் செய்க்கின் புதைகுழிகளைத் தோண்டியபோது 45 உடல்கள் கிடைத்தன. தப்பிய பெண்களும் குழந்தைகளும் அக்டோபரில் பர்மாவுக்குத் திரும்பினார்கள். பக்கத்து ஊரான யே பவுக் சாரில் அதே நாளில் காணாமல்போன இந்துக்கள் 46 பேர். கொன்றிருப்பார்கள் என்று அக்கம்பக்கத்து இந்துக்கள் நம்புகிறார்கள். ஆம்னெஸ்டி அறிக்கை வெளிவந்தபோதும் அவர்களில் ஒருவர் உடல்கூடக் கிடைத்திருக்கவில்லை.